இறக்காத கை

தலைவர் அன்று காலையில் மூன்று சட்டை மாற்றினார். முதலில் போட்ட வெள்ளைச் சட்டையில் பேனா மை இருந்தது. அடுத்த நீலச் சட்டை வயிற்றைப் பிடித்தது. மூன்றாவதாகப் பழைய சாம்பல் நிறச் சட்டையை எடுத்து, பொத்தானை ஒன்று விட்டு ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கோணல் அவர் கண்ணில் படவே இல்லை.

"தலைவரே, சட்டை ஒரு பக்கம் மேல போகுது, ஒரு பக்கம் கீழ போகுது," என்றாள் மனைவி.

கல்யாணமான புதிதில் "ஏங்க" என்றுதான் கூப்பிட்டாள். பாட்டில் ஆலைச் சங்கத்துக்கு இவர் தலைவரான அன்று கிண்டலுக்குச் சொன்ன வார்த்தை, இருபத்திரண்டு வருஷத்தில் பேராகவே ஆகிவிட்டது. இன்று மாலை நாலு மணிக்கு இவர் ஓய்வு பெறுகிறார், அந்தப் பதவியும் போகிறது. நாளையிலிருந்து இவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று ஒரு கவலை ஓடியது. அது சின்னக் கவலை. பெரிய கவலை ஒன்று மூன்று நாளாக அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஆலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணாடி பாட்டில் செய்கிற இடத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. அச்சுக்குள் காற்றடிக்கிற சத்தம் ஒரு பக்கம், பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு பட்டையில் ஓடுகிற சத்தம் இன்னொரு பக்கம். பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் எச்சில்தான் போய்ச் சேரும். அதனால் அங்கே எல்லோரும் கையால் பேசுவார்கள். தோளில் இரண்டு விரலைத் தட்டினால் மேற்பார்வையாளர் வருகிறார் என்று அர்த்தம். காதை இழுத்தால் டீ. மூக்கைப் பிடித்தால் அந்த மேற்பார்வையாளர் நல்ல மனநிலையில் இல்லை. திட்டுவதற்கு மட்டும் பதினாறு சைகை உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான்.

இந்தப் பாஷையில் இரண்டு சைகை முக்கியம். கையை மேலே தூக்கி, விரித்த உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தடவை அமுக்கினால், பொறு. தூக்கிய கையை மூடி, இறக்காமல் அப்படியே வைத்திருந்தால், மெஷினை நிறுத்து. இரண்டுக்கும் ஆரம்பம் ஒன்றுதான், கை மேலே போக வேண்டும். பிறகு இறக்கினால் ஒரு அர்த்தம், இறக்காவிட்டால் வேறு அர்த்தம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இவர் தலைவராகி மூன்றே மாதம் ஆகியிருந்தது. அதுவும் வேறு யாரும் முன்வராததால் வந்த பதவி. உலைப் பக்கத்தில் ஒரு மெஷினுக்கு ஓர் ஆள்தான் அப்போது. எட்டு மணி நேரம் அந்தச் சூட்டில் ஒருத்தனே வெந்துகொண்டு நிற்க வேண்டும். மெஷினுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் நின்றால் ஒருவர் உட்கார வேண்டும் என்பது கோரிக்கை. மேலாளர் இவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "ரெண்டு வாரம் பொறுத்துக்கோங்க" என்றார். அந்த அறையில் குளிரூட்டி ஓடியது, நாற்காலி மெத்தென்று இருந்தது, மேலாளர் வேறு "சார்" போட்டுப் பேசினார். நம் ஆள் பெட்டிப்பாம்பாய் அடங்கி, இரண்டு வாரம் பொறுக்கச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்ற நிர்வாகிகள் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி, மேலாளர் அந்தத் தாளை இவரிடமே கொடுத்து அனுப்பினார்.

அதைச் சங்கக் கோப்பில் வைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரும்புப் படிக்கட்டில் வந்து நின்றார். கீழே நாலு வரிசையிலும் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பொறுங்கள் என்று சொல்வதற்குக் கையைத் தூக்கினார். கோப்பு நழுவியது. அதைப் பிடிக்கப் போன பதற்றத்தில் மேலே இருந்த கை மூடிக்கொண்டது. தாள்கள் படிக்கட்டின் கம்பி இடுக்கு வழியாகக் கீழே பறந்தன. ஒன்றாம் நம்பர் மெஷின் நின்றது. பிறகு இரண்டு, மூன்று, நாலு.

அந்த ஆலையில் அதற்கு முன் யாரும் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. மேலேயிருந்து விழுகிற கண்ணாடிக் குழம்பு, அச்சுக்குப் போக வழியில்லாமல், அடித்தளத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து 'உஸ்' என்று அணைகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ கீழேயிருந்து கேட்டார்கள்: "தலைவரே, நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?"

இவர் சொல்லியிருக்க வேண்டியது "இல்லை." வாயில் வந்தது வேறு. "ஆமா," என்றார்.

ஒன்பது நாள் மெஷின் ஓடவில்லை. மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு, "உங்க தலைவர் பொறுக்கறேன்னு கையெழுத்துப் போட்டாருய்யா" என்று கத்தினார். "எங்க, தாளைக் காட்டு" என்று எல்லோரும் சிரித்தார்கள். தாள் இல்லை. கோப்பில் பதின்மூன்று தாள் இருந்தது. பொறுக்கி எடுத்தபோது பன்னிரண்டுதான் கிடைத்தது. பெரிய ஆர்டர் ஒன்று கையில் இருந்ததால் பத்தாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. மெஷினுக்கு இரண்டு ஆள். இவர் கைக்கு அன்றிலிருந்து தனி மரியாதை. சங்கச் சுவரில், துண்டறிக்கையில், சங்கத்துச் சாவிக்கொத்தில்கூட அந்த மூடிய கை.

மனிதர் இதை யாரிடமும் சொல்லவில்லை. முதல் வருஷம் பயம். அடுத்த பத்து வருஷம் வெட்கம். பிறகு இன்னொரு குழப்பம் வந்து சேர்ந்தது. கோப்பு நழுவியதால் கை மூடியதா, கை மூடியதால் கோப்பு நழுவியதா என்று அவருக்கே இப்போது தெரியவில்லை. ராத்திரி படுத்தால் ஒரு விதமாகத் தோன்றும், காலையில் பல் தேய்க்கும்போது வேறு விதமாகத் தோன்றும். அந்தப் பதின்மூன்றாவது தாள் மட்டும் எங்கேயோ இருந்துகொண்டு தன்னைப் பார்ப்பதாகவே நினைத்தார்.

புதன்கிழமை டார்ச் போன் செய்தாள். டார்ச் என்பது அடுத்த தலைவியாக வரப்போகிறவளின் பட்டப்பெயர். பாட்டிலை விளக்கொளியில் வைத்துக் குறை பார்க்கிற ஆய்வு மேசையில் இருபத்து மூன்று வருஷமாக இருக்கிறாள். தலைமுடி கனத்தில் விரிசல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆட்களிடமும் அதே கண்தான், அதனால் அவளிடம் பொய் சொல்லுகிறவர்கள் குறைவு.

"அண்ணே, நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. மெஷினுக்கு மறுபடி ஒரு ஆளாம். திங்கக்கிழமை காலைல நான் அதே படிக்கட்டுல நிக்கப்போறேன். உங்க மாதிரிதான்."

"என் மாதிரின்னா?"

"கைய தூக்கப்போறேன் அண்ணே. வேற என்ன."

யாரையும் கேட்காமலா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கதையை, 'யாரையும் கேக்கல, யோசிக்கல, தூக்கினேன்' என்று அவளுக்குச் சொன்னவரே இவர்தான். அன்றைக்காவது ஆர்டர் இருந்தது. இப்போது கிடங்கு முழுக்க விற்காத பாட்டில். உறுப்பினர்களைக் கேட்காமல் மெஷினை நிறுத்தினால், நிறுத்திய ஒவ்வொருவனையும் தனித்தனியாக வீட்டுக்கு அனுப்ப நிர்வாகம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறது. தன் கை தவறியதை நம்பி நூற்று எண்பது குடும்பம் தெருவுக்கு வரப் போகிறது. சொல்லியாக வேண்டும். சொன்னால், விடைபெறுகிற அன்றே அத்தனை வருஷத்துப் பெயரும் போகும். இதுதான் அந்தப் பெரிய கவலை.

யாராவது ஒருத்தரிடம் முதலில் கேட்டுத் தெளிவாகலாம் என்று கூடத்துக்கு வந்தார். மச்சான் டிவி முன் உட்கார்ந்திருந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஒன்றாம் நம்பர் மெஷினில் முப்பத்தைந்து வருஷம் நின்று காதைக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். தன் மனைவி இறந்த பிறகு இங்கேயே இருக்கிறார். டிவியை மூன்று வீடு தாண்டிக் கேட்கிற அளவுக்கு வைத்துக்கொண்டு, அதையும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். ரிமோட்டை யாரிடமும் தரமாட்டார். "இந்த வீட்டு டிவியை நிறுத்தறதுக்கு ஒரு சங்கம் ஆரம்பிங்க, தலைவரே, நான் முதல் உறுப்பினர்" என்று மனைவி பல தடவை சொல்லியிருக்கிறாள்.

இரண்டு பேரும் வீட்டிலும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் இந்த விஷயத்தைக் கேட்க அந்தப் பாஷை போதாது. அதில் நேற்று என்பது கிடையாது. நிறுத்து, பொறு, வா, போ, எல்லாமே இந்த நொடிக்குத்தான். அதனால் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினார்: 'அன்னைக்கு என் கையப் பாத்துதானே மெஷின நிறுத்தினீங்க?'

மச்சான் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி இரண்டு தடவை படித்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"உன் கையை நான் எங்க மாப்ள பாத்தேன்? பாட்டில் சிக்கிக்கிச்சு. எடுக்கறதுக்கு நிறுத்தினேன்."

தலைவர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"திரும்பிப் பாத்தா எல்லாரும் நிறுத்திட்டானுங்க. நீ மேல கையத் தூக்கிட்டு நிக்கற. சரி, நீதான் சொல்லியிருக்கன்னு நானும் விட்டுட்டேன். அந்தப் பாட்டில் அப்புறம் வரவே இல்ல மாப்ள. அச்சையே கழட்ட வேண்டியதாப் போச்சு."

சொல்லிவிட்டு அவர் டிவிக்குத் திரும்பிவிட்டார். தெளிவாகலாம் என்று போனவருக்கு இருந்த தெளிவும் போயிற்று. அந்த ஒன்பது நாளும், இரண்டு ஆள் வேலையும், சுவரில் வரைந்த கையும் ஒரு சிக்கிய பாட்டிலால் வந்ததா? அப்படியென்றால் தான் செய்த தப்புகூடத் தன்னுடையது இல்லையா? பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட ஆரம்பித்தவர், மறுபடி கோணலாகவே போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சங்க அறை ஆலையின் உணவுக்கூடத்துக்கு மேலே இருக்கிறது. நாற்காலி எண்பதுதான், வந்தவர்கள் நூறு பேர் இருக்கும். முதல் ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்ததால் எல்லோருக்கும் காதுக்குள் இன்னும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி வருகிறவர்களுக்கு அரை மணி நேரத்துக்கு எதுவும் சரியாகக் கேட்காது. மைக்கும் அதற்கேற்றாற்போல் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை கரகரத்தது.

டீ, பிஸ்கட், நாலு பேர் பேச்சு எல்லாம் முடிந்தது. அச்சுப் பட்டறைக்காரர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். உள்ளே பச்சைக் கண்ணாடியில் வார்த்த ஒரு கை. மூடிய கை. நிஜக் கை அளவு, நல்ல கனம். விளக்கு வெளிச்சத்தில் அது பளபளத்தபோது தலைவருக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

மைக்கைப் பிடித்தார்.

"உங்க எல்லார்கிட்டயும் ஒரு உண்மையைச் சொல்லிட்டுப் போறேன். அன்னைக்கு நான் நிறுத்தச் சொல்லல. பொறுங்கன்னு சொல்லத்தான் கையத் தூக்கினேன்."

மைக் கரகரவென்றது. பின்வரிசையில் ஒருவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். சரி, இவர்களுக்குக் கையால்தான் சொல்ல வேண்டும் என்று தலைவர் நினைத்தார். புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான் செய்தார், பாவம். இப்படித் தூக்கினேன் என்று கையைத் தூக்கினார். கை தவறி இப்படி மூடிக்கொண்டது என்று மூடிக் காட்டினார்.

நூறு கை மேலே போயிற்று. அத்தனையும் மூடிய கை. கைதட்டலும் விசிலும் மேஜையில் தட்டுகிற சத்தமும் கூரையைத் தூக்கின.

"அது தப்பு. அது தப்புய்யா," என்றார் மைக்கில்.

"தப்பே இல்ல தலைவரே," என்று முன்வரிசைக்காரர் கத்தினார். தலைவர் நிர்வாகத்துக்குப் பயந்து அடக்கிப் பேசுகிறார் என்று அவர் புரிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம், "கடைசி நாள்லகூடப் பெருமை வேணாங்கறாரு பாரு மனுஷன்," என்றார். தலைவர் வேண்டாம் வேண்டாம் என்று உள்ளங்கையைக் கீழே அமுக்கினார். பொறு என்றால் உட்கார வேண்டும். எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்தார்கள். அதோடு கூட்டமும் முடிந்தது. சொன்னாரா சொல்லவில்லையா என்று அவருக்கே தெரியவில்லை. பச்சைக் கையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் வந்தார்.

டார்ச் அங்கே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"கட்டை விரல்ல குமிழ் இருக்கு அண்ணே," என்றாள் பையைப் பார்த்து. "என் மேசைக்கு வந்திருந்தா தள்ளியிருப்பேன்."

"நான் சொன்னது உனக்காவது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"திங்கக்கிழமை நீ கையத் தூக்காத. நான் உனக்குச் சொன்ன கதை பொய். யாரையும் கேக்காம நான் தைரியமா ஒண்ணும் பண்ணல. கோப்பு நழுவிச்சு. எனக்கு நிறுத்தற எண்ணமே இல்ல. பொறுக்கறேன்னு கையெழுத்தே போட்டேன். அந்தத் தாள் எங்க போச்சுன்னு..."

"உலைக்குப் போச்சு."

தலைவர் துணிப்பையைத் தரையில் வைத்தார்.

"அந்தப் படிக்கட்டுக்குக் கீழதானே என் மேசை. தாள் நேரா என் முன்னால வந்து விழுந்துச்சு. படிச்சேன். கீழ உங்க கையெழுத்து. உடைசல் கண்ணாடியோட அள்ளிப் போட்டு அனுப்பிட்டேன். உருகிப் பாட்டிலாயிருக்கும், அண்ணே. யாராவது அதுல ஜூஸ் குடிச்சிருப்பாங்க."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். அப்ப நான் சேந்து ஒரு வருஷம். பயந்துட்டேன். இந்த ஆளு இப்ப 'தப்பா தூக்கிட்டேன்'னு சொல்லப்போறாரு, நிறுத்தின நாலு பேருக்கும் வேலை போகப்போகுதுன்னு மேலயே பாத்துட்டு நின்னேன்."

"இத்தனை வருஷம் நான் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்டுட்டு இருந்தியே."

"நல்லாத்தானே சொல்வீங்க." அவள் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமைக்கு நீங்க கவலைப்படாதீங்க. மூணு நாளா நீங்க லீவு, அதுக்குள்ள மூணு ஷிப்டுலயும் கூட்டம் போட்டு ஓட்டு எடுத்தாச்சு. நூத்தி எண்பதுல நூத்தி அறுபத்தொண்ணு. நோட்டீசும் முறைப்படி கொடுத்தாச்சு. நீங்க யாரையும் கேக்காம மாட்டிக்கிட்டது தெரிஞ்சதாலதான் நான் ஒவ்வொருத்தரா கேட்டேன்."

தலைவருக்கு நிம்மதி வந்தது. உடனே அதன் பின்னாலேயே வெறுமையும் வந்தது. நூற்று எண்பது குடும்பத்தைக் காப்பாற்ற உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர், அவர்கள் ஏற்கெனவே பத்திரமாக இருப்பதைத் தெரிந்துகொண்டார். கையெழுத்துப் போட்டது இவர். மெஷினை நிறுத்தியது சிக்கிய பாட்டில். தாளை எரித்தது இவள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தன் பங்குக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மறைக்கவும் முடியவில்லை.

"அப்ப இந்த இருபத்திரண்டு வருஷம் நான் என்னதான்மா பண்ணேன்?"

டார்ச் யோசித்தாள். பாட்டிலை விளக்கில் பிடிக்கிற மாதிரி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கைய இறக்கலையே அண்ணே. இறக்கியிருந்தா பொறுன்னு ஆயிருக்கும். ஒம்பது நாள்ல எப்ப வேணா இறக்கியிருக்கலாம்."

சொல்லிவிட்டு மேலே வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். போகிற போக்கில் அவர் சட்டையைக் காட்டி, "பொத்தான்," என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு தலைவர் இதையே திருப்பித் திருப்பி யோசித்தார். இறக்காமல் இருந்தது தைரியமா, இறக்கத் தெரியாமல் இருந்ததா? நாலாம் நாள் மேலாளர் வீட்டுக்கே ஆள் அனுப்பினாரே, அப்போது ஏன் போகவில்லை? பயத்தினாலா, பிடிவாதத்தினாலா? ஏழாம் நாள் மனைவி "இறங்கி வாங்களேன்" என்று கேட்டபோது 'முடியாது' என்று சொன்னது யார்? ஒன்றும் பிடிபடவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போய், கண்ணாடிக் கை இருந்த பையைச் சுமந்துகொண்டு பாதி வழி நடந்தே வந்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. டிவி வாசல்வரை அலறியது. சமையலறையில் பாத்திரம் உருளுகிற சத்தம். மச்சான் தலையைத் திருப்பி, உள்ளங்கையைப் புரட்டிக் காட்டினார். என்ன ஆச்சு என்று அர்த்தம்.

என்ன ஆயிற்று என்று சொல்வது? நல்லபடியாக முடிந்தது என்பதற்கு ஒரு சைகை உண்டு, அது பொய்யாக இருக்கும். கெட்டுப்போயிற்று என்பதற்கும் உண்டு, அதுவும் சரியில்லை. ஏதோ ஒன்றைச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினார். தூக்கிய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னொரு கையில் பை நழுவியது. அதை இறுக்கிப் பிடித்தபோது மேலே இருந்த கையும் மூடிக்கொண்டது. அப்படியே நின்றார்.

மச்சான் அந்தக் கையை ஒரு நொடி பார்த்தார். ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினார்.

வீட்டில் அப்படி ஒரு அமைதி. சமையலறைச் சத்தமும் நின்றது. மனைவி ஈரக் கையோடு ஓடிவந்து கதவருகில் நின்று, டிவியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், தூக்கிய கையோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள்.

"தலைவரே," என்றாள் நம்ப முடியாமல். "நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?"

அவர் கையை இறக்கவில்லை.

"ஆமா," என்றார்.